பல வருஷம் நின்று பிடித்துப்போன பைக் இன்ஜினை விடுவிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் மாமா வீட்டுக் கொட்டகையில் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 கிடந்தது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது கொட்டகைக் கூரை அதன்மேல் விழுந்தது. அதற்கப்புறம் யாரும் அந்த வண்டியைத் தொடவில்லை. 2023 பொங்கலுக்குப் போனபோது கிக்கரை மெதுவாக மிதித்துப் பார்த்தேன், திண்ணையை மிதித்த மாதிரி இருந்தது. இப்போது அது ஓடுகிறது. அந்த வண்டியில் கற்றதையும், பிறகு சொந்தக்காரர்கள், நண்பர்கள் வண்டிகளில் கை வைத்தபோது கற்றதையும் கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

கிக்கர் கொஞ்சம்கூட இறங்கவில்லை. இன்ஜின் போய்விட்டதா?

பெரும்பாலும் போயிருக்காது. சும்மா நின்று துருவால் பிடித்த இன்ஜின், ஓடும்போது சூட்டில் பிடித்த இன்ஜினை விட எவ்வளவோ நல்ல நிலையில் இருக்கும். பத்து வருஷம் நின்றதால் வரும் சேதத்தை விட, வண்டியைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் முதல் பத்து நிமிஷம் ஏறி ஏறி மிதிப்பதால் வரும் சேதம்தான் அதிகம். கிக்கர் ஷாஃப்டின் பல் தேயும், பிஸ்டன் ரிங் உடையும், உடைந்த ரிங் துண்டு சிலிண்டரைக் கீறும். அதனால் இதைப் படிக்கும்போதே யாராவது பக்கத்தில் வண்டியை மிதித்துக்கொண்டிருந்தால் முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஓடாமல் நின்ற இன்ஜின் எப்படிப் பிடித்துக்கொள்கிறது?

சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் அலுமினியம். அதன்மேல் இருக்கும் ரிங்குகளும், பழைய வண்டிகளில் சிலிண்டருக்குள் உட்சுவராக இருக்கும் லைனரும் இரும்பு. வண்டி ஓடும் காலத்தில் இரண்டுக்கும் நடுவே ஆயில் ஒரு மெல்லிய படலமாக இருக்கும், மாதக்கணக்கில் நின்றால் அது வடிந்து இறங்கிவிடும். அப்புறம் ஈரக்காற்று போதும். ரிங்கும் சுவரும் தொடுகிற அந்த ஒரு கோட்டில் துரு பூத்து இரண்டையும் ஒட்ட வைத்துவிடுகிறது. துரு, தான் தின்ற இரும்பை விட அதிக இடம் எடுத்துக்கொள்ளும் பொருள், அதனால் இடுக்கில் ஆப்பு அடித்த மாதிரி இறுகும். அலுமினியமும் சும்மா இருக்காது, வெள்ளைப் பொடியாகப் பூத்து பிஸ்டன் பக்கவாட்டை அடைக்கும்.

நம் ஊரில் கூடுதலாக உப்பு. சில்வர் பீச்சிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வீடு என்றால் ஜன்னல் கம்பியே நாலு வருஷத்தில் பொரிந்து விழுகிறது, இன்ஜினுக்குள் மட்டும் விட்டுவிடுமா? அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் ஈரம் வேறு. ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் வழியாக வரும் காற்று நேராக சிலிண்டர் சுவரில் இருக்கும் ஓட்டைக்கே போகும். ஸ்ப்ளெண்டர், புல்லட் மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக்கில் எந்த வால்வு திறந்த நிலையில் வண்டி நின்றதோ அந்த வழியாக ஈரம் உள்ளே இறங்கும். ஒரே தெருவில் ஒரே வருஷம் நிறுத்திய இரண்டு வண்டிகளில் ஒன்று பிடித்தும் ஒன்று நன்றாகவும் இருப்பதற்கு இதுதான் பல நேரம் காரணம்.

பிடித்திருப்பது பிஸ்டன்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதைப் பார்க்காமலேயே பலர் ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) கழற்றிவிடுகிறார்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி நியூட்ரலில் பின் சக்கரத்தைச் சுற்றுங்கள். சுற்றவில்லை என்றால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கலாம், செயின் துருவில் விறைத்திருக்கலாம். அதைச் சரி செய்த பிறகுதான் இன்ஜின் பக்கம் வர வேண்டும். அடுத்து இடது பக்கக் கவரைக் கழற்றி கிராங்க் (பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டு) முனையில் இருக்கும் மேக்னட்டின் நட்டில் பாக்ஸ் ஸ்பேனர் போட்டு மெதுவாக அசையுங்கள். ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டியில் கவரையே கழற்ற வேண்டாம், அதில் இருக்கும் வட்ட மூடியைத் திறந்தாலே கிராங்க் நட் கைக்குக் கிடைக்கும். மேக்னட் சுற்றுகிறது, கிக்கர் மட்டும் இறங்கவில்லை என்றால் கோளாறு கிக்கர் மெக்கானிசத்தில். மேக்னட்டும் அசையவில்லை என்றால் பிஸ்டன், இல்லாவிட்டால் கிராங்க் பேரிங். இரண்டில் பிஸ்டன்தான் அடிக்கடி நடப்பது.

கிளட்ச் பிளேட்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், அது தனிப் பிரச்சினை, இன்ஜின் சுற்ற ஆரம்பித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். சொல்லப்போனால் இப்போதைக்கு அது ஒட்டியிருப்பது நல்லது, பின் சக்கரத்தை வைத்து இன்ஜினை அசைக்க உதவும்.

சரி, பிஸ்டன்தான். முதல் வேலை என்ன?

பெட்ரோல் டேங்கையும் பேட்டரியையும் கழற்றி வெளியே வையுங்கள். ஸ்பார்க் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடைத்துவிட்டு, பிளக் அடியில் கொஞ்சம் டபிள்யூடி-40 அடித்து ஒரு ராத்திரி விட்டுக் கழற்றுங்கள். ஹெட் அலுமினியம் என்பதால் அவசரப்பட்டால் மரையோடு வந்துவிடும்.

பிளக் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் எந்த உயரத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டும், ஏனென்றால் பின்னால் எடுக்கிற முடிவுகள் எல்லாம் இதை வைத்துத்தான். ஒரு நீளமான பிளாஸ்டிக் டேகை (வயர் கட்டும் பட்டையை) உள்ளே விட்டு அளந்து பார்க்கலாம். துடைப்பக் குச்சி வேண்டாம், உள்ளே ஒடிந்தால் தொல்லை. டூ ஸ்ட்ரோக் என்றால் சைலன்சரைக் கழற்றினால் போதும், எக்ஸாஸ்ட் ஓட்டையில் பிஸ்டன் நேராகத் தெரியும். மாமா வண்டியில் அந்த வழியாகப் பார்த்தபோது ரிங் ஓரமெல்லாம் செங்காவி நிறத்தில் இருந்தது, பிஸ்டன் ஏறக்குறைய நடுவில். நடுவில் நின்றது என் அதிர்ஷ்டம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

என்ன ஆயில் ஊற்றுவது? டீசல், டபிள்யூடி-40, கோலா என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கோலா வேண்டாம். அதில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலம் துருவைக் கரைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது கொஞ்சம், மிச்சமெல்லாம் தண்ணீரும் சர்க்கரையும். தண்ணீரால் பிடித்த இன்ஜினுக்குள் இன்னும் தண்ணீர் ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நான் பயன்படுத்தியது டீசலும் டூ-டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) பாதிக்குப் பாதி. டீசல் இடுக்கில் இறங்கும், ஆயில் அங்கேயே தங்கும். இதை விட வேகமாக வேலை செய்வது அசிட்டோனும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் சம அளவு கலந்தது. அது இரண்டும் நின்றால் பிரிந்துவிடும், ஒவ்வொரு முறையும் குலுக்கி ஊற்ற வேண்டும். அசிட்டோன் பெட்ரோலைப் போலவே சட்டென்று பற்றும், பெயின்டைத் தின்னும், டூ ஸ்ட்ரோக்கில் கீழே வடிந்தால் கிராங்க் ஆயில் சீலின் ரப்பரையும் கெடுக்கும். அதனால் எப்படியும் சீல் மாற்றப்போகிற வண்டிக்கு மட்டும் அதைச் சொல்வேன். டபிள்யூடி-40 வெளியே இருக்கும் நட்டுகளுக்கு அருமை, சிலிண்டருக்குள் ஊற வைக்க அது மட்டும் போதாது, சீக்கிரம் ஆவியாகிவிடும்.

எதை ஊற்றினாலும் 50 மில்லி அளவில் ஆரம்பித்து, அடுத்த நாள் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் ரிங்கைத் தாண்டி ஆயில் போகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு இந்த வண்டி ஓடும் என்ற நம்பிக்கையே வந்தது.

என்னுடையது ஸ்ப்ளெண்டர். ஊற்றிய ஆயில் ஒரு பக்கமாகவே நிற்கிறதே?

நல்ல கேள்வி, இதை யாரும் சொல்வதில்லை. ஹீரோ ஹோண்டா சிடி 100, ஸ்ப்ளெண்டர் வகை இன்ஜின்களில் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் முன்னோக்கி இருக்கும். பிளக் வழியாக ஊற்றுகிற ஆயில் பிஸ்டனின் கீழ்ப்பாதியை மட்டும் நனைக்கும், மேல்பாதி ரிங் காய்ந்தே கிடக்கும். ஒரு மாதம் ஊறினாலும் பாதி வேலைதான் நடக்கும். முன் சக்கரத்தை நன்றாகத் தூக்கி, ஹெட் வானத்தைப் பார்க்கிற மாதிரி வண்டியைத் தென்னை மரத்திலோ தூணிலோ கயிறு போட்டுக் கட்டுங்கள். இரண்டு பேர் வேண்டும், டேங்கும் பேட்டரியும் ஏற்கெனவே வெளியே இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஜினையே இறக்கிவிடுங்கள், சின்ன இன்ஜின்தான், வாளியில் மணல் போட்டு அதில் நிமிர்த்தி வைத்து ஊற வைக்கலாம். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும்.

எத்தனை நாள் ஊற வேண்டும்?

ஒரு வாரத்துக்குக் குறைந்து யோசிக்காதீர்கள். ஆர்எக்ஸ் 100 ஒன்பதாவது நாள் அசைந்தது. நெல்லிக்குப்பத்தில் ஒரு நண்பரின் சுசுகி சாமுராய் மூன்றாம் நாளே வந்துவிட்டது. அரியாங்குப்பத்தில் ஒரு வண்டி ஒன்றரை மாதம் எடுத்தது. தினமும் காலையில் ஒருமுறை கொஞ்சம் ஊற்றி, ஹெட்டைச் சுற்றி ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். அந்த அதிர்வில் ஆயில் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். பதறாத காரியம் சிதறாது என்று அம்மா அடிக்கடி சொல்வார், இந்த வேலைக்கென்றே சொன்ன மாதிரி.

எப்படி அசைத்துப் பார்ப்பது?

கிக்கரால் வேண்டவே வேண்டாம். மேக்னட் நட்டில் ஸ்பேனர் போட்டு ஒரு அடி நீளக் கைப்பிடி, ஒரு கையின் பலம், அவ்வளவுதான். பைப்பைச் செருகி நீட்டினால் நட் மரை போகும், அல்லது மேக்னட்டைப் பிடித்திருக்கும் சின்ன கீ அறுந்துவிடும். நட்டை அவிழ்க்கிற திசையில் திருப்பினால் நட் மட்டும் கழன்று வரும் என்பதையும் மறக்காதீர்கள்.

நான் அதிகம் நம்புவது பின் சக்கரத்தை. டாப் கியரில் போட்டுச் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஃபர்ஸ்ட் கியரில் பலம் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள், இன்ஜினிலிருந்து சக்கரத்துக்குப் போகும்போது அது சரி. இங்கே சக்கரத்திலிருந்து இன்ஜினுக்குப் போகிறோம், கணக்கு தலைகீழ், டாப் கியரில்தான் நம் கையின் பலம் கிராங்குக்கு அதிகம் போய்ச் சேரும். கியர் விழவில்லை என்றால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே லீவரை அழுத்துங்கள்.

ஒரு மயிரிழை அசைந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆயில் ஊற்றுங்கள். அசைந்த திசைக்கு எதிர்த் திசையில் தள்ளுங்கள். மறுபடி இந்தப் பக்கம். அசைகிறதே என்று ஒரே பக்கமாகத் தள்ளினால், சுரண்டிய துருவெல்லாம் ரிங் முன்னால் குவிந்து இன்னும் மோசமாக இறுகும். எனக்கு முதல் அசைவிலிருந்து முழுச் சுற்று வருவதற்கு இரண்டு நாள் ஆனது. அந்த முதல் அசைவு காதுக்குக் கேட்காது, கையில்தான் தெரியும்.

கியரில் போட்டு இன்னொரு வண்டியில் கட்டி இழுத்தால் வந்துவிடும் என்கிறார்களே?

வரும், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்து வரும். எனக்குத் தெரிந்த ஒருவரின் புல்லட்டை ஒரு பட்டறையில் லோடு வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்தார்கள். இன்ஜின் சுற்றத்தான் செய்தது. ஆனால் திறந்து பார்த்தபோது ராடு வளைவு, பிஸ்டன் ஸ்கர்ட்டில் (கீழ்ப்பாகத்தில்) விரிசல். ஊற வைத்திருந்தால் ரிங் செட்டோடு முடிந்திருக்க வேண்டியது, கிராங்க் வரை போய்விட்டது. அந்த வண்டி அவருடைய அப்பா வாங்கியது, அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சூடு காட்டலாமா?

காட்டலாம், நெருப்பால் அல்ல. ஏற்கெனவே உள்ளே டீசலோ அசிட்டோனோ ஊறிக்கொண்டிருக்கிறது, அங்கே பற்றவைத்த எதையும் கொண்டு போகக்கூடாது. கொதிக்கும் தண்ணீரைச் சிலிண்டரின் வெளிப்புற ஃபின்கள் மேல் நிதானமாக ஊற்றுங்கள், பிளக் ஓட்டையைப் பழைய பிளக்கால் மூடிவிட்டு. அசிட்டோன் ஊற்றியிருந்தால் அது முழுக்க ஆவியான பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். அலுமினியம் சூட்டில் இரும்பை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஆறும்போது அதே அளவு அதிகமாகச் சுருங்கும். ஒருமுறை சூடாகி ஆறினாலே துருப் படலத்தில் விரிசல் விழும், அதில் ஆயில் இறங்கும். காலையில் வெந்நீர், ஆறிய பிறகு ஆயில், மாலையில் ஒருமுறை அசைப்பு என்று மூன்று நாள் செய்து பாருங்கள். முடிந்ததும் வெளியே துடைத்துக் காயவிட வேண்டும்.

ஹெட்டைக் கழற்றிக் கட்டை வைத்து அடிப்பது சரியா?

இரண்டு வாரம் ஊறியும் அசையவில்லை என்றால் சரி. ஹெட் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும், ஒரே நட்டை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஹெட் வளையும்.

கட்டை முக்கியம். இரும்புக் கம்பி, உளி எதுவும் பிஸ்டன் மேல் படக்கூடாது. ஆர்எக்ஸ் 100 சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ., அதற்கு 48 மி.மீ. அளவில் ஒரு உருண்டைக் கட்டை மரக்கடைசல் பட்டறையில் கடைந்து வாங்கினேன். பிஸ்டன் நடுவில் அடித்தால் அங்கே மெல்லியதாக இருக்கும், உடைந்துவிடும். உருண்டைக் கட்டை என்றால் அடி ஓரம் முழுக்கப் பரவும். ஓங்கி நாலு அடியை விட, மெதுவாக நாற்பது தட்டு மேல்.

இப்போது மேலே சொன்ன அதிர்ஷ்டக் கதை. பிஸ்டன் நடுவில் நின்றால் ராடு சாய்வாக இருக்கும், தட்டுகிற பலம் கிராங்கைச் சுற்றவைக்கும். பிஸ்டன் உச்சியிலோ அடியிலோ நின்றால் ராடும் கிராங்கும் ஒரே கோட்டில் நிற்கும், எவ்வளவு தட்டினாலும் கிராங்க் சுற்றாது, அடியெல்லாம் நேராகப் பேரிங்குக்குப் போகும். அந்த நிலையில் கட்டையை எடுக்காதீர்கள். அடியில் நின்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது: சிலிண்டர் பிளாக்கையே பிஸ்டனோடு சேர்த்து மேலே தூக்குங்கள், கிராங்க் சுற்றிக்கொண்டு கூடவே வரும், கீழே கட்ஜன் பின் (பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின்) தெரிந்ததும் பின்னைத் தட்டி எடுத்துவிட்டு பிளாக்கையும் பிஸ்டனையும் ஒன்றாக வெளியே எடுத்துவிடலாம். அப்புறம் அதை ஒரு டீசல் வாளியில் முழுதாக மூழ்கவைத்தால் போதும். உச்சியில் நின்றால்தான் கஷ்டம், அங்கே சிலிண்டரை விரிக்கிற வெந்நீரும் பொறுமையும் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

டூ ஸ்ட்ரோக் பிளாக்கைக் கழற்றும்போது இடமும் வலமுமாக முறுக்காதீர்கள். ரிங் முனை ஓட்டைக்குள் மாட்டி ஒடியும்.

கிரீஸ் கன்னால் தள்ளலாம் என்று கேள்விப்பட்டேன்.

பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு அதில் கிரீஸ் நிப்பிள் வெல்ட் செய்து, பிளக் இடத்தில் மாட்டி கிரீஸை ஏற்றுவது. பலமான முறை. இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும், டூ ஸ்ட்ரோக் என்றால் பிஸ்டன் ஓட்டைகளை மறைத்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கிரீஸ் அந்த வழியாக ஓடிவிடும். பிஸ்டன் கொஞ்சம் நகர்ந்ததும் அழுத்தம் தானாக விழுந்துவிடும் என்பதால் எதுவும் பறக்காது. இதே வேலைக்குப் பஞ்சர் கடைக் கம்ப்ரெசர் காற்றை ஏற்றாதீர்கள், அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி, விட்டால் கையோடு போகும். கிரீஸ் முறையில் ஒரே கஷ்டம், பிறகு மூலை மூலையாக அதைத் துடைத்து எடுப்பது.

அசைந்துவிட்டது, முழுதாகச் சுற்றுகிறது! ஸ்டார்ட் செய்யட்டுமா?

வேண்டாம். இந்த இடத்தில்தான் பலர் தோற்கிறார்கள். பத்து நாள் பொறுத்தவர்கள் பதினோராம் நாள் பெட்ரோல் ஊற்றி மிதித்துவிடுகிறார்கள். சிலிண்டருக்குள் இப்போது துருப்பொடியும் ஆயிலும் கலந்த சேறு இருக்கிறது, உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். பிளாக்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

ரிங்குகள் புதிது, எந்த யோசனையும் வேண்டாம். சிலிண்டர் சுவரை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டவில்லை, கறை மட்டும்தான் என்றால் ஹோனிங் போட்டு (சுவரை லேசாகத் தேய்த்து) அதே பிஸ்டனை அளந்து பார்த்துப் போடலாம். நகம் மாட்டுகிற பள்ளம் இருந்தால் போர் போட (சிலிண்டரைக் கடைந்து உள்விட்டத்தைப் பெரிதாக்க) வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று கிடைக்கும். முதலில் பிஸ்டனை வாங்கி, அதைக் கையில் கொண்டுபோய் லேத்தில் கொடுங்கள், அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்பப் போர் போடுவார்கள். சைஸைச் சொல்லிப் போர் போட்டுவிட்டு அப்புறம் பிஸ்டன் தேடினால் இடைவெளி சரியாக அமையாது. டூ ஸ்ட்ரோக் என்றால் போர் போட்ட பிறகு ஓட்டைகளின் விளிம்பைக் கூர் இல்லாமல் லேசாகச் சீவிவிடச் சொல்லுங்கள், மறந்துவிடுவார்கள். புதிய வண்டிகள் சிலவற்றில் லைனர் இல்லாமல் சுவரில் ஒரு கடினப் பூச்சு மட்டும் இருக்கும், அதில் சாதாரணமாகப் போர் போட முடியாது.

மாட்டும்போது பிஸ்டன் மேல் இருக்கும் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். கட்ஜன் பின் லாக் புதிது. கீழே கிராங்க் வாயில் சுத்தமான துணி அடைத்துவிட்டு வேலை செய்யுங்கள், லாக் தெறித்து உள்ளே விழுந்தால் இன்ஜினைப் பிளக்க வேண்டியதுதான்.

கிராங்க்கும் பேரிங்கும் நன்றாக இருக்குமா?

பிளாக் வெளியே இருக்கும்போதே ராடைப் பிடித்து நேராக மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கவே கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. பெட்ரோலில் டூ-டி ஆயில் கலந்து ஊற்றிக் கழுவி, சுற்றும்போது கரகரவென்று இருக்கிறதா என்று காது கொடுங்கள். கரகரப்பு போகவில்லை என்றால் பேரிங் மாற்ற வேண்டும்.

டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் கிராங்க் ஆயில் சீல் இரண்டையும் மாற்றிவிடுங்கள். பத்து வருஷத்தில் ரப்பர் கட்டை மாதிரி ஆகியிருக்கும். ஆர்எக்ஸ் 100-இல் மேக்னட் பக்கம் சீல் போனால் வெளிக்காற்றை இழுக்கும், பெட்ரோல் கலவை மெலிந்து சூடேறி, இவ்வளவு பாடுபட்ட இன்ஜின் ஓடும்போது பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கம் சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகையாக விடும், கியர் ஆயில் குறைந்துகொண்டே வரும்.

புல்லட்டுக்கும் இதே முறைதானா?

ஊற வைப்பது அதேதான், சிலிண்டர் நிமிர்ந்து நிற்பதால் ஆயில் சுற்றிலும் சமமாக இறங்கும். கூடுதலாக வால்வைப் பாருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் எதுவானாலும் வால்வு தண்டு கைடில் துருவேறி ஒட்டியிருக்கலாம். பிஸ்டன் விடுபட்டதும் முழுச் சுற்றுச் சுற்றினால் புல்லட்டில் வால்வைத் தள்ளும் புஷ்ராடு வளையும், மற்றவற்றில் வால்வும் பிஸ்டனும் மோதலாம். டேப்பட் மூடியைத் திறந்து வால்வு தண்டில் ஆயில் விட்டு, இரண்டும் ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்த பிறகே சுற்றுங்கள். பழைய புல்லட்டில் நின்ற காலத்தில் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் கேஸில் நிரம்பியிருக்கும், அதை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டும். எந்த ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியிலும் நாம் ஊற்றிய டீசல் சம்ப்புக்குள் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் இடம்) இறங்கியிருக்கும், பழைய ஆயிலோடு ஒருநாளும் ஸ்டார்ட் செய்யக்கூடாது.

புயல் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி, இன்னும் பிடிக்கவில்லை. என்ன செய்வது?

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரித் தெருக்களிலும், தென்பெண்ணை பொங்கிய கடலூர்ப் பக்கத்திலும் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்ட வண்டியைத் தண்ணீர் வடிந்த அன்றே கவனிக்க வேண்டும். செல்ஃப், கிக் இரண்டும் கூடாது, சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றி, இன்ஜின் ஆயிலை வடியுங்கள், மோர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பிளக் இல்லாமல் மெதுவாகக் கிக் செய்து தண்ணீரை வெளியேற்றி, சிலிண்டருக்குள் ஆயில் விட்டுவிடுங்கள். அன்றைக்கு இதைச் செய்துவிட்டால் மெக்கானிக் ஒரு மாதம் கழித்துக் கிடைத்தாலும் பரவாயில்லை.

டேங்க், கார்ப்பரேட்டர்?

பழைய பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் கொட்டுங்கள். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நின்ற டேங்கில் அது அடியில் தண்ணீராகவே தங்கிவிடும். டேங்க் துருவுக்கு வினிகர் நிரப்பி இரண்டு நாள் வைத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காயவைத்து உள்ளே கொஞ்சம் ஆயில் சுற்றிவிடுங்கள். கார்ப்பரேட்டர் ஜெட்டுகளை (பெட்ரோல் போகும் சின்னத் துளைகளை) கம்பியால் குத்தாமல் ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

முதல் ஸ்டார்ட் எப்படி?

பிளக் இல்லாமல், சாவி ஆஃபில், முப்பது கிக். மிச்ச ஆயில் வெளியே தெறிக்கும், ஓட்டையைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். ஆர்எக்ஸ் 100-இல் டூ-டி ஆயில் பம்ப்புக்குள் காற்று நின்றிருக்கும், அது ஆயில் தள்ளுகிறதா என்று உறுதியாகிற வரை நம்பக்கூடாது. முதல் டேங்குக்கு லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்துவிடுங்கள். புது பிளக். வண்டியைத் திறந்த வெளியில் வையுங்கள், பத்து நிமிஷம் புகை மண்டும், பயப்பட வேண்டாம். போர் போட்ட இன்ஜின் என்றால் முதல் 500 கி.மீ. நாற்பதைத் தாண்டாமல், ஒரே வேகத்தில் பிடிக்காமல் ஓட்டுங்கள். அப்புறம் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனி காபித்தூள் நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் உடனே நிறுத்தி சீலையும் ஜெட்டையும் பாருங்கள்.

ஆர்சி காலாவதி ஆகிவிட்டது. ரோட்டில் எடுக்கலாமா?

கூடாது. சொந்த வண்டியின் பதிவு 15 வருஷம், பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வண்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் காட்ட வேண்டும். இன்சூரன்சும் புகைச் சான்றும் தேவை. புதுச்சேரி எண் கொண்ட வண்டியைக் கடலூரில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டுவதாக இருந்தால் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்ற வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவே இருபது சொச்சம் கி.மீ.தான் என்றாலும் சட்டத்துக்கு அது இரண்டு இடம். ஆர்சி யார் பெயரில் இருக்கிறது என்று இன்ஜினைத் தொடும் முன்பே பார்த்துவிடுங்கள், இறந்துபோனவர் பெயரில் இருந்தால் வாரிசு மாற்றத்துக்குத்தான் அதிக நாள் ஆகும்.

நான் வெளிநாடு போகிறேன். திரும்பி வரும்போது பிடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பிரான்சுக்கும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிறவர்கள் நிறைந்த ஊர், இதைத் தான் எல்லாரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். பெட்ரோலை வடித்து, கார்ப்பரேட்டரைக் காலி செய்து, பேட்டரியைக் கழற்றுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் ஆயிலைப் புதிதாக மாற்றி நிறுத்துங்கள், பழைய ஆயிலில் இருக்கும் அமிலம் பேரிங்கைத் தின்னும். பிளக் ஓட்டையில் 10 மில்லி ஆயில் விட்டு நாலைந்து முறை மெதுவாகக் கிக் செய்து சுவரெல்லாம் பரவவிட்டு, பிளக்கை மாட்டுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிக்கர் இறுகுகிற இடத்தில் நிறுத்தினால் இரண்டு வால்வும் மூடியிருக்கும். சைலன்சர் வாயில் ஆயில் நனைத்த துணியை அடைத்து, மேலே பிளாஸ்டிக் கட்டி, ஹேண்டில்பாரில் ஒரு சீட்டில் எழுதி மாட்டுங்கள், இல்லாவிட்டால் யாராவது அப்படியே ஸ்டார்ட் செய்வார்கள். சென்டர் ஸ்டாண்டில், கடல் பக்கம் பார்த்த சுவருக்கு மறுபுறம் நிறுத்துங்கள். வீட்டில் இருப்பவரிடம் மாதம் ஒருமுறை டாப் கியரில் பின் சக்கரத்தைக் கையால் கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்கள். மாமாவுக்கு இப்போது எழுபது வயது, ஓட்டுவதில்லை, ஆனால் மாதப் பிறப்பன்று சக்கரத்தை நகர்த்திவிட்டு எனக்குப் போன் செய்து சொல்லிவிடுவார்.